சினிமாச் சுருளில் பிறந்த கேமரா: முதல் லைக்கா ஓர் அறிமுகம்

1925 மார்ச் மாதம் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த வசந்தகால வணிகச் சந்தையில், நுண்ணோக்கிகளுக்குப் பெயர்பெற்ற எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனம், சட்டைப் பையில் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு சிறிய கேமராவை முதன்முதலாகப் பொதுமக்கள் முன் வைத்தது. லைட்ஸ் என்ற பெயரின் முற்பகுதியையும் கேமரா என்ற சொல்லின் முற்பகுதியையும் சேர்த்து அதற்கு லைக்கா என்று பெயரிட்டிருந்தார்கள். பின்னால் வந்த மாதிரிகளிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக அதை இன்று ‘லைக்கா 1’ என்று அழைக்கிறோம். புகைப்படக்கலையின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கும் எவரும் விரைவிலேயே இந்தப் பெயரைச் சந்திப்பார்கள்; ஆனால் அந்தக் கருவி உண்மையில் என்ன செய்தது, ஏன் அது இவ்வளவு பேசப்படுகிறது என்பது பெரும்பாலும் விளக்கப்படுவதில்லை.

அதை ‘உலகின் முதல் 35 மி.மீ. கேமரா’ என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. அது சரியான கூற்று இல்லை. 1914ஆம் ஆண்டையொட்டியே நியூயார்க்கில் டூரிஸ்ட் மல்டிபிள் என்ற கேமராவும், பாரிஸில் ஷூல் ரிஷார் நிறுவனத்தின் ஹோமியோஸ் என்ற இரட்டை லென்ஸ் கேமராவும் சினிமாச் சுருளைப் பயன்படுத்தி நிலைப்படம் எடுத்தன. அவை இரண்டும் மறைந்துபோக, பத்தாண்டுகள் கழித்து வந்த லைக்கா நிலைத்தது. என் கணிப்பில் அதற்குக் காரணம் ஒன்றுதான்: சிறிய நெகட்டிவை எடுத்துப் பெரிய படமாக அச்சிடுவது என்ற எண்ணத்தை லைட்ஸ் முழுமையாக ஏற்றுக்கொண்டது, லென்ஸ், ஷட்டர், சுருளை நகர்த்தும் பொறி, இருட்டறையில் படத்தைப் பெருக்கும் என்லார்ஜர் ஆகிய அனைத்தையும் அந்த ஓர் எண்ணத்துக்காகவே செய்தது.

அதற்கு முந்தைய நிலை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரமான படம் எடுக்க விரும்பியவர்கள் கண்ணாடித் தட்டுகளைப் பயன்படுத்தினார்கள். வெள்ளி உப்பு கலந்த பூச்சுள்ள கண்ணாடித் தட்டு ஒன்றை இருட்டில் சட்டத்துக்குள் செருகி, கேமராவின் பின்புறம் பொருத்தி, ஒரே ஒரு படம் எடுத்து, சட்டத்தை மாற்றி அடுத்ததை எடுக்க வேண்டும். 13×18 செ.மீ. என்பது அக்காலத்தில் ஜெர்மனியில் பரவலாக இருந்த தட்டு அளவுகளில் ஒன்று. அந்த நெகட்டிவின் மேல் அச்சுத்தாளை நேரடியாக வைத்து வெளிச்சம் காட்டினால், நெகட்டிவ் எவ்வளவு பெரியதோ அதே அளவில் படம் கிடைக்கும். பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய தட்டு வேண்டும், பெரிய தட்டுக்குப் பெரிய கேமரா வேண்டும், அதைத் தாங்க முக்காலி வேண்டும். ஈஸ்ட்மனின் கோடாக் நிறுவனம் 1888 முதலே சுருள் ஃபிலிம் கேமராக்களை விற்று, பொதுமக்கள் கையில் புகைப்படத்தைச் சேர்த்திருந்தது உண்மைதான். இருந்தாலும், நுணுக்கமான விவரத்தை எதிர்பார்த்தவர்கள் தட்டுகளை விட்டு விலகவில்லை.

அந்தச் சுமையைத் தாங்க முடியாதவர்களில் ஒருவர் ஓஸ்கர் பார்னாக். 1879இல் பிராண்டன்பர்க் பகுதியின் லினோ என்ற ஊரில் பிறந்த அவர், இயந்திரத் தொழில் கற்று, யேனா நகரின் சைஸ் நிறுவனத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். ஆஸ்துமா நோயாளியான அவருக்கு மலைச் சரிவுகளில் நடப்பதும் படமெடுப்பதும் பிடிக்கும். தட்டுக் கேமராவையும் சட்டங்களையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு நடப்பது அவருடைய மூச்சுக்கு ஒத்துவரவில்லை. சைஸில் அவரோடு பணிபுரிந்த எமில் மெஹாவ் என்ற நண்பர், லான் ஆற்றங்கரையில் உள்ள வெட்ஸ்லார் என்ற சிறுநகரின் லைட்ஸ் நிறுவனத்துக்கு மாறிச் சென்று, படம் துடிக்காமல் ஓடும் சினிமாப் புரொஜெக்டரை உருவாக்கிக்கொண்டிருந்தார். அவருடைய பரிந்துரையின் பேரில் 1911இல் பார்னாக்கும் அங்கே சேர்ந்து, சோதனைப் பட்டறையின் பொறுப்பை ஏற்றார்.

லைட்ஸ் நிறுவனத்தைப் பற்றி இங்கே ஒரு விவரத்தைச் சொல்ல வேண்டும். 1849இல் கார்ல் கெல்னர் தொடங்கிய சிறிய ஒளியியல் பட்டறையின் தொடர்ச்சி அது. 1869இல் அதன் முழு உரிமை எர்ன்ஸ்ட் லைட்ஸ் கைக்கு வந்தது. நுண்ணோக்கிகளை ஆயிரக்கணக்கில், ஒன்றைப்போல் மற்றொன்று இருக்குமாறு செய்யும் திறன் அந்தப் பட்டறையில் வேரூன்றியிருந்தது. தங்களுடைய ஒரு லட்சமாவது நுண்ணோக்கியை, காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் கோக்குக்கு 1907இல் வழங்கியவர்கள் அவர்கள். மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கை அன்றாடம் அளந்து பழகிய கைகள் இல்லாதிருந்தால், அடுத்து நடந்தது நடந்திருக்காது.

சுருளும் சட்டமும்

பார்னாக் நிறுவனத்துக்காகச் சினிமாக் கேமரா ஒன்றையும் வடிவமைத்துக்கொண்டிருந்தார். அக்காலச் சினிமாச் சுருளின் உணர்திறன் தொகுப்புக்குத் தொகுப்பு மாறுபடும் என்பதால், நீண்ட காட்சியை எடுப்பதற்கு முன் சிறு துண்டு ஒன்றில் வெளிச்சத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு சிறு கருவி தேவைப்பட்டது. அந்தச் சோதனைக் கருவிதான் கேமராவாக வளர்ந்தது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். நடைப்பயணத்துக்கான சிறிய கேமராவே அவருடைய நோக்கம் என்று மற்றொரு சாரார் சொல்கிறார்கள். இரண்டு தேவைகளும் ஒரே மனிதரிடம் இருந்தன. இரண்டுக்கும் ஒரே விடை கிடைத்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த விடையைப் புரிந்துகொள்ளச் சுருளின் அமைப்பைத் தெரிந்துகொள்வது அவசியம். சினிமாச் சுருளின் அகலம் 35 மி.மீ.; அதன் இரு ஓரங்களிலும் பல்சக்கரம் பற்றி இழுப்பதற்கான துளைகள் வரிசையாக உள்ளன. துளைகளை விட்டுவிட்டால் படத்துக்குக் கிடைக்கும் அகலம் சுமார் 25 மி.மீ. மட்டுமே. சினிமாவில் சுருள் மேலிருந்து கீழாக ஓடும். ஒரு படச் சட்டத்துக்கு நான்கு துளைகள், ஆகவே சட்டத்தின் அளவு 18×24 மி.மீ. நிலைப்படத்துக்கு இது மிகச் சிறியது என்று கண்ட பார்னாக், சுருளைப் படுக்கைவாட்டில் ஓடவிட்டார். அப்போது சுருளின் அகலம் படத்தின் உயரமாகிவிடுகிறது; நீளவாக்கில் எவ்வளவு இடம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவர் இரண்டு சினிமாச் சட்டங்களைச் சேர்த்து ஒன்றாக்கினார். ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 4.75 மி.மீ.; எட்டுத் துளைகளுக்கு 38 மி.மீ. அதில் 36 மி.மீ. படத்துக்கு, 2 மி.மீ. அடுத்த படத்திலிருந்து பிரிக்கும் இடைவெளிக்கு. இப்படித்தான் 24×36 என்ற அளவு பிறந்தது.

இன்று டிஜிட்டல் கேமரா வாங்கச் செல்பவர்கள் ‘ஃபுல் ஃபிரேம்’ என்ற சொல்லைக் கேட்காமல் திரும்ப முடியாது. அத்தகைய கேமராக்களில் ஃபிலிமுக்குப் பதிலாக ஒளியைப் பதியும் உணரியின் அளவு அதே 24×36 மி.மீ.தான். ஊமைப்படக் காலத்தில் ஒரு பட்டறையில் எட்டுத் துளைகளை எண்ணிப் பிறந்த அளவு, சுருளே இல்லாத கருவிகளிலும் இன்றுவரை அளவுகோலாக நிற்கிறது. லென்ஸ்களின் குவியத்தூரத்தை (தொலைவில் உள்ள பொருளின் பிம்பம் தெளிவாக விழ லென்ஸிலிருந்து தேவைப்படும் தூரத்தை) ‘35 மி.மீ. கேமராவுக்கு இணையாக’ என்று குறிப்பிடும் வழக்கமும் இதிலிருந்து வந்ததே.

1914 மார்ச் மாதப் பட்டறைக் குறிப்பில், சினிமாச் சுருளுக்கான ‘லில்லிபுட் கேமரா’ முடிந்துவிட்டது என்று பார்னாக் எழுதியிருக்கிறார். இன்று ‘ஊர் லைக்கா’ (ஜெர்மன் மொழியில் ‘ஊர்’ என்றால் ‘மூல’) என்று வழங்கப்படும் மூல மாதிரி அதுதான். சினிமா லென்ஸ்கள் இரட்டிப்பான சட்டத்தின் மூலைகள்வரை ஒளியைக் கொண்டுசேர்க்காது என்பதால், நுண்ணோக்கிப் படங்களுக்காகச் செய்யப்பட்டிருந்த 42 மி.மீ. லென்ஸ் ஒன்றை அதில் பொருத்தினார். அந்த மாதிரியைக் கொண்டு அவர் வெட்ஸ்லாரின் சந்தைத் தெருக்களையும் மரச்சட்ட வீடுகளையும், 1914 ஆகஸ்டில் போர் அணிதிரட்டல் அறிவிப்பைத் தூணில் ஒட்டிவிட்டு நிற்கும் படைவீரரையும், 1920இல் ஊருக்குள் புகுந்த வெள்ளத்தையும் எடுத்தார். வெள்ளப் படங்களைப் பார்க்கும்போது, அவை ஒரே நிகழ்வை வெவ்வேறு இடங்களில் நின்று தொடர்ந்து பதிந்த வரிசை என்பது தெரிகிறது. கேமராவே இன்னும் கடைக்கு வராத காலத்தில், அதைக் கொண்டு என்ன செய்ய முடியும் என்பதை உருவாக்கியவரே செய்து காட்டிவிட்டார்.

சிறிய நெகட்டிவ் கேட்கும் விலை

இங்கே கொஞ்சம் கணக்கு வேண்டும். 13×18 செ.மீ. தட்டின் பரப்பு 23,400 சதுர மி.மீ.; லைக்காவின் சட்டப் பரப்பு 864 சதுர மி.மீ. அதாவது 27இல் ஒரு பங்கு. அதே காட்சியை 27இல் ஒரு பங்கு இடத்தில் அடக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு விவரமும் அந்த அளவுக்குச் சுருங்கிப் பதிய வேண்டும். பிறகு அதைப் பெருக்கி அச்சிடும்போது, லென்ஸின் சிறு குறையும், ஷட்டரின் அதிர்வும், சுருளின் தூசியும் கீறலும், வெள்ளித் துகள்களின் சொரசொரப்பும் சேர்ந்தே பெருகும். பெரிய தட்டில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் பிழைகளைச் சிறிய நெகட்டிவ் மன்னிப்பதில்லை. முந்தைய 35 மி.மீ. கேமராக்கள் சுருளின் சிக்கனத்தை நம்பி வந்தன. இந்தக் கணக்குக்கு முழு விடை அவற்றிடம் இல்லை.

லைட்ஸில் அந்த விடையின் முதல் பகுதியைத் தந்தவர் மாக்ஸ் பெரெக். 1912 முதல் அங்கே பணிபுரிந்த அந்த ஒளியியல் அறிஞர், கனிமங்களை ஆராயும் நுண்ணோக்கிகளில் ஏற்கெனவே பெயர் பெற்றவர். அவர் லைக்காவுக்காக 50 மி.மீ. குவியத்தூரமும் 3.5 என்ற அதிகபட்சத் துளை அளவும் கொண்ட லென்ஸைக் கணக்கிட்டார். முதலில் வந்தது ஐந்து கண்ணாடி வில்லைகள் மூன்று தொகுதிகளாக அமைந்தது. அது எல்மாக்ஸ் என்று பெயர் பெற்றது. விரைவிலேயே நான்கு வில்லைகளைக் கொண்ட, செய்வதற்கு எளிதான எல்மார் அதன் இடத்தைப் பிடித்தது. இந்த லென்ஸ் குழாயை உடலுக்குள் தள்ளிவைத்துக்கொள்ளலாம். படமெடுக்கும்போது வெளியே இழுத்துத் திருகி நிலைப்படுத்த வேண்டும். கேமரா பைக்குள் அடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு புள்ளியின் பிம்பம் நெகட்டிவில் 1/30 மி.மீ.க்கு மேல் மங்கிப் பரவக்கூடாது என்பதை லைட்ஸ் அளவுகோலாக வைத்துக்கொண்டது. அந்த நெகட்டிவை நான்கு மடங்கு பெருக்கி ஏறக்குறைய 10×15 செ.மீ. படமாக அச்சிட்டால், மங்கல் 0.13 மி.மீ. அளவுக்கு வளரும், கையில் வைத்துப் பார்ப்பவரின் கண்ணுக்கு அது இன்னும் தெளிவான புள்ளியாகவே தெரியும். பெருக்குவதற்கான என்லார்ஜரையும் லைட்ஸே செய்து விற்றது என்பதைக் கவனிக்க வேண்டும். கேமராவை வாங்கியவர் இருட்டறையில் வேறு எவருடைய தரத்தையும் நம்பியிருக்க வேண்டிய தேவையில்லை.

அடுத்தது ஷட்டர். லைக்காவில் ஃபிலிமுக்கு நேர் முன்னால் இரண்டு துணித் திரைகள் உருளைகளில் சுற்றப்பட்டிருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் முதல் திரை விலகி ஓடும். சற்றுப் பின்னால் இரண்டாவது திரை தொடர்ந்து ஓடி மூடும். இரண்டுக்கும் இடையில் உள்ள பிளவு ஃபிலிமைக் கடந்து செல்லும்போது, வெளிச்சம் ஒவ்வொரு பகுதியிலும் சிறிது நேரம் விழுகிறது. திரைகளின் ஓட்ட வேகத்தை மாற்றாமல், பிளவின் அகலத்தைக் கூட்டிக் குறைத்து வெளிச்ச நேரத்தை மாற்றலாம். 1925இல் வந்த கேமராவில் 1/20 நொடியிலிருந்து 1/500 நொடிவரை நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தது.

இதோடு பார்னாக் சேர்த்த ஒரு பொறிதான் எனக்கு எல்லாவற்றிலும் சிறந்ததாகப் படுகிறது. மேலே உள்ள ஒரே குமிழைத் திருகினால் மூன்று வேலைகள் ஒருசேர நடக்கின்றன: சுருள் சரியாக எட்டுத் துளைகள் நகர்கிறது, ஷட்டர் அடுத்த படத்துக்குத் தயாராகிறது, எண்ணிக்கைத் தட்டு ஒன்று கூடுகிறது. அக்காலக் கேமராக்களில் சுருளை நகர்த்த மறந்துவிட்டு ஒரே இடத்தில் இரண்டு படங்களை எடுத்துவிடுவது அன்றாடத் தவறு. இதில் அப்படி நடப்பதற்கு வழியே இல்லை. படமெடுப்பவரின் மனம் கருவியை விட்டுக் காட்சிக்குத் திரும்பியது இந்த இணைப்பால்தான்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. 1923இல் சோதனைக்காகச் செய்யப்பட்ட, இருபதுக்குச் சற்று மேற்பட்ட எண்ணிக்கையிலான ‘பூஜ்ய வரிசை’ கேமராக்களில், குமிழைத் திருகும்போது திரைகளின் பிளவு மூடியிருக்காது. ஆகவே ஒவ்வொரு முறையும் லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டுத்தான் திருக வேண்டும். மறந்தால் சுருளில் வெளிச்சம் பட்டுவிடும். விற்பனைக்கு வந்த மாதிரியில், திருகும்போது திரைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து தாமே மூடிக்கொள்ளும்படி இது திருத்தப்பட்டது.

துணிந்து எடுத்த முடிவு

சோதனைக் கேமராக்களைப் பயன்படுத்திப் பார்த்தவர்களின் கருத்து ஒருமனதாக இல்லை. தபால்தலை போன்ற நெகட்டிவிலிருந்து நல்ல படம் வரும் என்று தொழில்முறையாளர் பலர் நம்பவில்லை. காலமும் சாதகமாக இல்லை. 1923இன் பணவீக்கத்தில் ஜெர்மன் நாணயம் மதிப்பிழந்து, மக்களின் சேமிப்பு கரைந்துபோயிருந்தது. 1920இல் தந்தைக்குப் பின் பொறுப்பேற்றிருந்த இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ் 1924இல் கூட்டிய ஆலோசனையில், கேமராத் தயாரிப்பில் அனுபவமே இல்லாத நிறுவனம் இதில் இறங்கலாமா என்று நெடுநேரம் விவாதித்தார்கள். இறுதியில் துணிந்து இறங்குவது என்று அவர் தாமே முடிவு செய்தார். நுண்ணோக்கிகளுக்கான தேவை குறைந்திருந்த நாட்களில் தம் தொழிலாளர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்ற எண்ணமும் அதற்குப் பின்னால் இருந்தது.

முதல் லைக்காவைப் பயன்படுத்துவது எப்படி இருந்திருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் அதன் இயல்பு இன்னும் தெளிவாகும். சினிமாச் சுருளை இருட்டறையில் அளவாக வெட்டிப் பித்தளை உறைக்குள் சுற்றிக்கொள்ள வேண்டும். ஒரு சுருளில் 36 படங்கள். கேமராவின் பின்புறம் திறக்காது. அடித்தகட்டைக் கழற்றி, சுருளின் முனையை மெலிதாகக் கத்தரித்து, கீழிருந்து செருக வேண்டும். அடித்தகட்டை மூடும் சாவியைத் திருகும்போது பித்தளை உறையின் வாய் உள்ளே திறந்துகொள்ளும். ஆகவே சுருள் எதிலும் உரசாமல், கீறல் விழாமல் வெளியேறும். இவ்வளவு சிறிய நெகட்டிவுக்கு அந்தக் கவனம் தேவைப்பட்டது.

வெளிச்சமானி கிடையாது, அனுபவத்தாலோ அட்டவணையைப் பார்த்தோ நேரத்தைத் தீர்மானிக்க வேண்டும். படப்பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கேமரா சொல்லாது. மேலே செருகிக்கொள்ளும் தனித் தொலைவுமானி ஒன்று விற்கப்பட்டது, இல்லாதவர்கள் கண்ணால் மதிப்பிட்டு லென்ஸின் நெம்புகோலை நகர்த்தினார்கள். இது பெரும் குறையாகத் தோன்றலாம். ஆனால் குவியத்தூரம் சிறியதாக இருந்தால் தெளிவான பரப்பின் ஆழம் கூடும் என்ற ஒளியியல் விதி இங்கே துணை நின்றது. எல்மார் லென்ஸின் துளையை 9 என்ற எண்ணில் வைத்து (எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்), தொலைவை ஏறக்குறைய எட்டரை மீட்டருக்கு வைத்துவிட்டால், நான்கு மீட்டரைத் தாண்டிய அனைத்தும், தொடுவானம்வரை, ஏற்கத்தக்க தெளிவோடு பதியும். அதே எண்ணில் 13×18 தட்டுக் கேமராவின் 210 மி.மீ. லென்ஸை எவ்வளவு சாதகமாக வைத்தாலும் அந்தத் தெளிவு அதைப்போல் பல மடங்கு தொலைவிலிருந்துதான் தொடங்கும். தெருவில் நடந்துகொண்டே, கேமராவை முன்கூட்டியே அமைத்து வைத்துக்கொண்டு, கண்ணில் பட்டதும் எடுப்பது என்ற முறைக்கு அடித்தளம் இந்த விதியே.

குறைகள் அடுத்தடுத்து நீங்கின. 1930இல் லென்ஸைக் கழற்றி மாற்றும் வசதி வந்தது, 39 மி.மீ. விட்டமுள்ள அந்தத் திருகு அமைப்பைப் பிற்காலத்தில் பல நாடுகளின் உற்பத்தியாளர்கள் பின்பற்றினார்கள். 1932இல் வந்த லைக்கா 2இல், தொலைவுமானி உடலுக்குள்ளேயே பொருத்தப்பட்டு லென்ஸோடு இணைக்கப்பட்டது: சிறு சாளரத்தில் இரட்டையாகத் தெரியும் பிம்பம் ஒன்றோடொன்று பொருந்தும்வரை லென்ஸைத் திருகினால் போதும். அதே ஆண்டில் டிரெஸ்டனின் சைஸ் இக்கான் நிறுவனம் காண்டாக்ஸ் என்ற போட்டிக் கேமராவைக் கொண்டுவந்தது. 1/1000 நொடி ஷட்டர், கழற்றக்கூடிய பின்புறம், லுட்விக் பெர்ட்டலே வடிவமைத்த ஒளிமிகுந்த சோனார் லென்ஸ்கள் எனத் தாளில் அது லைக்காவை விஞ்சியது. ஆனால் அதன் ஷட்டர் சிக்கலானது, எளிதில் பழுதாகக்கூடியது. 1934இல் ஸ்டுட்கார்ட்டில் செய்யப்பட்ட கோடாக் ரெட்டினா கேமராவோடு, பகல் வெளிச்சத்திலேயே போட்டுக்கொள்ளக்கூடிய 135 என்ற ஆயத்தச் சுருள் உறை வந்தது. லைக்காவிலும் காண்டாக்ஸிலும் பொருந்துமாறே அது வடிவமைக்கப்பட்டது. பிற்காலத்தில் நம் ஊர் ஸ்டுடியோக்களில் ‘ஒரு ரோல், 36 படம்’ என்று கேட்டு வாங்கியது அந்த உறையைத்தான்.

புகைப்படக்காரர் நிற்கும் இடம் மாறியது

கருவியின் வரலாற்றை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் சொன்னதாகும். 1920களின் இறுதியில் பெர்லினிலும் மியூனிக்கிலும் படங்கள் நிறைந்த வார இதழ்கள் லட்சக்கணக்கில் விற்றன. அவற்றுக்கு மக்கள் இயல்பாக இருக்கும் கணங்களின் படங்கள் தேவைப்பட்டன. எரிக் சாலமன் என்ற செய்திப் புகைப்படக்காரர், எர்மனாக்ஸ் என்ற தட்டுக் கேமராவை மறைத்து எடுத்துச் சென்று, அரசியல் பேச்சுவார்த்தைகளையும் நீதிமன்றங்களையும் உள்ளரங்க ஒளியிலேயே எடுத்தார். அவருடைய லென்ஸ் லைக்காவுடையதைவிட அதிக ஒளியை உள்ளே விட்டது. ஆனால் ஒரு தட்டுக்கு ஒரே படம். லைக்காக்காரரிடம் 36 வாய்ப்புகள் இருந்தன. ஒரு கணம் தவறினால் அடுத்தது, அதற்கடுத்தது என்று நிகழ்வை விடாமல் பின்தொடரலாம். பல படங்களை எடுத்து, பிறகு அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்ற வேலைமுறை இங்கேதான் வலுப்பெற்றது.

ஃபிராங்க்ஃபர்ட்டில் கலை வரலாறு பயின்றுகொண்டிருந்த இல்ஸே பிங், 1929இல் லைக்கா ஒன்றை வாங்கி, அடுத்த ஆண்டு பாரிஸுக்குக் குடிபெயர்ந்து, நடனக் கலைஞர்களையும் தெருக்களையும் எடுத்தார். 1931இல் கண்ணாடிகளின் நடுவே லைக்காவோடு தம்மைத் தாமே எடுத்த படம் இன்றும் புகழ்பெற்றது. மாஸ்கோவில் அலெக்சாந்தர் ரோத்சென்கோ, மாடியிலிருந்து கீழ்நோக்கியும் தரையிலிருந்து மேல்நோக்கியும் சாய்த்தும் எடுத்த படங்களுக்கு, கண்ணோடு சேர்த்துப் பிடித்து எந்தக் கோணத்திலும் திருப்பக்கூடிய இந்தக் கேமரா கைகொடுத்தது. முக்காலியின் மேல் நிற்கும் பெட்டி பெரும்பாலும் ஒருவரின் நெஞ்சு உயரத்திலிருந்து நேராகவே பார்த்தது. அந்தக் கட்டாயம் நீங்கியதும் படங்களின் வடிவமே மாறியதை 1925க்கு முன்பும் பின்பும் எடுத்தவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் உணர்வார்கள்.

அவர்களுள் மிகுதியாகப் பேசப்படுபவர் பிரான்ஸின் ஆன்றி கார்த்தியே பிரெசோன். 1932வாக்கில் லைக்காவைக் கையிலெடுத்த அவர், பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸோடு, ஃபிளாஷ் இல்லாமல், மக்களின் கவனத்தை ஈர்க்காமல் படமெடுத்தார். அதே ஆண்டில் பாரிஸின் ஒரு ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய நீரின் மேல் தாவும் மனிதரை அந்தரத்தில் பிடித்த படம் எடுக்கப்பட்டது. நமக்கு நெருக்கமான ஒரு தொடர்பும் அவருக்கு உண்டு: 1948 ஜனவரியில் காந்தியைச் சந்தித்துப் படமெடுத்த அவர், 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் இறுதி நாட்களின்போது அங்கே இருந்து படம் எடுத்தார். நோயுற்ற ஒருவரின் அருகில், ஆசிரமத்தின் அமைதியைக் குலைக்காமல் பெரிய கருவியோடு பணிபுரிவதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

சிறிய கேமரா எல்லாவற்றையும் வென்றுவிட்டது என்று சொல்ல முடியாது. 1929இல் பிரவுன்ஷ்வைக் நகரில் பிறந்த ரோலிஃபிளெக்ஸ், பெரிய சதுர நெகட்டிவோடு பல பத்தாண்டுகள் செழித்தது. கட்டடங்களையும் விளம்பரப் பொருட்களையும் எடுத்தவர்கள் பெரிய தட்டு அளவுகளையே நம்பினார்கள். 35 மி.மீ. சுருளைக் கொண்டே, லென்ஸின் வழியாக நேரடியாகப் பார்க்கும் ரிஃப்ளெக்ஸ் முறையை 1936இல் டிரெஸ்டனின் கினெ எக்ஸாக்டா கொண்டுவந்தது. 1960களில் ஜப்பானியக் கேமராக்களின் வழியாக அந்த முறை உலகெங்கும் பரவி, லைக்காவின் தொலைவுமானி முறையைப் பின்னுக்குத் தள்ளியது. பார்னாக் 1936 ஜனவரியில் காலமானார். அதே ஆண்டில் 35 மி.மீ. அளவில் கோடாக்குரோம் வண்ணச் சுருள் வெளிவந்தது. அவருடைய சட்டத்தில் வண்ணப் படங்கள் நிறைவதை அவர் பார்க்கவில்லை.

லைக்காவைப் பார்த்துச் செய்யும் போக்கு மிக விரைவில் தொடங்கியது. 1934இல் சோவியத் உக்ரைனின் கார்கிவ் நகரில், ஆதரவற்ற சிறுவர்களுக்கான குடியிருப்பு ஒன்றின் பட்டறையில், லைக்கா 2ஐ அப்படியே ஒத்த ஃபெட் கேமரா உற்பத்திக்கு வந்தது. அதே காலத்தில் டோக்கியோவில் தொடங்கிய முயற்சி 1936இல் ஹன்ஸா கேனன் ஆயிற்று. போருக்குப் பின் ஜெர்மன் காப்புரிமைகள் பிறருக்குத் திறந்துவிடப்பட்டபோது, இத்தாலி, பிரிட்டன், ஜப்பான் எனப் பல நாடுகளில் இதே வடிவம் எழுந்தது.

இந்தப் புகழ் பழைய கருவிகளின் விலையில் வந்து முடிந்திருக்கிறது. பார்னாக் தாமே பயன்படுத்திய 105ஆம் எண் பூஜ்ய வரிசைக் கேமரா 2022இல் வெட்ஸ்லாரில் ஏலம் விடப்பட்டு, 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போனது. அதனால் போலிகளும் பெருகின. பழைய ஃபெட், ஸோர்க்கி ஆகிய சோவியத் கேமராக்களின் மேல் லைக்கா என்று பொறித்து, தங்க முலாம் பூசி, போர்க்கால முத்திரைகளையும் சேர்த்து விற்பது நெடுங்காலமாக நடந்துவருகிறது. பழைய லைக்கா ஒன்றை வாங்க நினைக்கும் தொடக்கநிலையாளர் முதலில் லென்ஸைக் கழற்றி, உடலின் வாய்க்குள் மேற்புறம் உள்ள தொலைவுமானியின் தொடுமுனையைப் பார்க்க வேண்டும். உண்மையான லைக்கா 2இலும் அதற்கடுத்த மாதிரிகளிலும் அங்கே உருளும் சிறு சக்கரம் இருக்கும். ஃபெட்டிலும் தொடக்ககால ஸோர்க்கியிலும் ஆப்பு வடிவ உலோகத் துண்டு இருக்கும். லைக்கா 1இல் தொலைவுமானியே கிடையாது என்பதால், அந்தப் பெயரில் விற்கப்படும் கருவியின் முகப்பில் தொலைவுமானிச் சாளரங்கள் இருந்தால் அதுவே போதிய எச்சரிக்கை.